கொசுறு

பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "கொசுறு" என்றார் ராமதாஸ்.

அவளைக் கூப்பிட்டாரா, கூடுதலாக ஒரு கை கருவாடு கேட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் இரண்டுக்கும் அந்த ஒரு சொல்தான்.

அவளுடைய நிஜப் பெயர் புஷ்பவல்லி. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ என்று அவளே பேசாமல் இருந்துவிடுவாள்.

அவள் அப்பா திருமலை காசிமேட்டில் கட்டுமரம் வைத்திருந்தவர். ஆண்பிள்ளை வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிறந்தது, தாமோதரன் என்று பெயர் வைத்தார். ஆனால் அதே பிரசவத்தில் அவன் பின்னாலேயே, யாரும் எதிர்பாராமல், இவளும் வந்துவிட்டாள். "ஒண்ணுதான் கேட்டேன், ஆத்தா கொசுறும் போட்டுகீறா" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டில் மீன் துண்டு தாமோதரனுக்கு, குழம்பு கொசுறுக்கு. யாரும் கொடுமை செய்யவில்லை. கேட்டு வாங்கியது அவன், சும்மா வந்தது இவள். அவ்வளவுதான் கணக்கு.

சும்மா வந்தவளுக்குக் காசு கேட்க எங்கே நாக்கு எழும்? சொந்தமாகக் கருவாட்டுக் கடை போட்ட பிறகும் அப்படித்தான். வீசை என்ன விலை என்று கேட்டால் குரல் உள்ளே போய்விடும். வாங்குகிறவர் முகம் கோணுவதற்கு முன்பே கை தானாக நெத்திலியை அள்ளி அவர் பையில் போட்டுவிடும். மார்க்கெட்டுக்கு வருகிற பாதிப் பேர் வீட்டுக் குழம்பு அவள் கொசுறில்தான் கொதித்தது. மூட்டை காலியாகும். சுருக்குப்பை மட்டும் நிறையாது.

சரக்குப் போடுகிற சௌக்கத் அலி பாய் பொறுமைசாலி. அவரே அன்று காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் ரொக்கம் வந்தால்தான் அடுத்த மூட்டை. மூட்டை இல்லாவிட்டால் கடை இல்லை. துறைமுகத்தில் வேலை போய்ப் புருஷன் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. கடையை நம்பித்தான் அடுப்பே எரிந்தது.

அவளிடம் மொத்தமாக வாங்குகிற ஒரே ஆள் ராமதாஸ். துறைமுகக் கூலிகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவர். வாங்குவதும் நிறைய, கொசுறும் நிறைய. ஒரு கை மட்டும் போட்டால் இடத்தைவிட்டு நகர மாட்டார். கேட்கிறபடி அள்ளிப் போட்டால் பாய்க்குக் கொடுக்கப் பணம் போதாது. இல்லையென்று சொல்லி அவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டால் ஒன்றுமே இருக்காது.

அவள் வழக்கம்போல ஒரு கை நெத்திலியை அள்ளினாள்.

அப்போதுதான் ராமதாஸ் கடைக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளை பெற்று மாதம் ஆகியும் ஆகாமலும் அவள் கடைக்கு வந்திருந்தாள். மூங்கிலில் கட்டிய தூளியில் இரண்டு பெண் குழந்தைகள் கிடந்தன.

"இன்னாம்மே, உனுக்கும் ஒண்ணு கொசுறா வந்துகீதா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இதையேதான் போன வாரம் அவள் அப்பாவும் சொன்னார். மூத்ததை மடியில் வைத்து, குணசுந்தரி என்று காதில் பெயர் சொல்லிவிட்டு, இளையதைப் பார்த்து, கொசுறுக்கே கொசுறு பொறந்துகீது என்றார். வீடே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

அள்ளிய கை அந்தரத்தில் நின்றது.

மூத்தது தூங்கிக்கொண்டிருந்தது. இளையது விழித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் அதே வயிறு, அதே வலி. சொல்லப்போனால் இளையது வரும்போதுதான் அவளுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. சும்மா வந்ததா அது?

அவள் கையைத் திருப்பினாள். நெத்திலியைப் பைக்குள் போடாமல் தராசுத் தட்டில் போட்டாள். எடைக்கல்லைத் தேடி எடுத்து மறுதட்டில் வைத்தாள்.

"கொசுறு இல்ல நைனா. அதும் பேரு நீலா. இதுக்கும் சேத்துக் காசு குடு."

குரல் நடுங்கியது. ஆனால் உள்ளே போகவில்லை.

ராமதாஸ் எதிர்க்கடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் தராசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் மடியை அவிழ்த்துக் காசை எடுத்தார். முழுக் காசு. பையைக் கட்டிக்கொண்டே, அப்போ உன் பேரு இன்னா என்று கேட்டார்.

சாயங்காலம் பாய்க்குப் பணம் போனது. மறுநாள் மூட்டை வந்தது.

அடுத்த முறை ராமதாஸ் தூரத்திலிருந்தே "புஷ்பவல்லி" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாராம். திரும்பிப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்ததாம்.

அந்தக் கடைச் சோற்றில்தான் நாங்கள் வளர்ந்தோம். ராமதாஸ் வந்தால் அம்மா எழுந்து நின்றுதான் எடை போடுவாள். கிண்டல் செய்த ஆளுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று குணசுந்தரி கேட்பாள். நான் கேட்டதில்லை. அவரைப் பார்த்தால் எனக்கும் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும்.

அவர் அப்படிக் கேட்கிற வரைக்கும் எனக்குப் பெயரே வைத்திருக்கவில்லை.