வாய்க்கால் ஓரத்து நீர்முள்ளி

முந்தல் வாய்க்கால் ஓரத்தில் நேற்றுவரை நீலமாய்ப் பூத்து நின்ற நீர்முள்ளி வெட்டுண்டு கிடக்கிறது. பூக்கள் இன்னும் வாடவில்லை. ஒரு தேனீ விடாமல் சுற்றுகிறது. வேரடியில் வெள்ளையாய் உப்பு கரைந்துகொண்டிருக்கிறது. "எந்த அறுவான் செஞ்ச வேல இது?" வெறுங்கூடையை ஷிம்லா தரையில் எறிகிறாள். உப்பளத்தில் வேலைசெய்யும் அவள் புருஷன் இஸ்ஹாக், வீங்கிய கால்களை இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறான். முகமெல்லாம் சிரிப்பு. "நாந்தான் புள்ள. நீ வாற வழியில முள்ளு ஒண்ட கால்ல குத்துதெண்டு வெட்டினன். வேருக்கு உப்பும் போட்டுட்டன், இனி முளைக்காது." அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ஒங்கட கால் வீக்கம் வத்தட்டுமெண்டு காலையில நான் அவிச்சுத் தாறது இந்த வேரைத்தானே!" குந்தியிருந்து உப்பை வழித்தெடுக்கப் பார்க்கிறாள். கையில் வருவது சேறுதான். உப்பை ஈரமண் குடித்துவிட்டது.