மேல் ஓரம்

சூடாமணி ஸ்டூல்மேல் நின்றுகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தலைக்கு மேலே சுவரில் அழுத்திக்கொண்டிருக்கிறாள். பச்சை இலை போட்ட வால்பேப்பரின் மேல் ஓரம் மட்டும் ஒட்டியிருக்கிறது. மீதி, பசையை மூடிய பின்தாள் உரிக்கப்படாமல் தொங்கி, மின்விசிறிக் காற்றில் சலசலக்கிறது. மேலே ஒருத்தர் பிடிக்க, கீழே ஒருத்தர் பின்தாளை உரித்துக்கொண்டே வர, இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. இரண்டாவது ஆளான மகள் ஸஹானா, மேஜையில் சொம்பின்மேல் சாய்த்து வைத்த செல்போனுக்குள் இருக்கிறாள். டொராண்டோவில் இப்போதுதான் காலை. டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இது அவளுடைய அறை. “இடது பக்கம் துளி மேல தூக்கும்மா. ஆங், பக்கத்துத் தாளோட இலை சேர்ந்துடுத்து. கையை எடுத்துடாதே, விழுந்துடும்.” “எடுக்கலைடி, நீ சொல்லு.” “ஐயோ, மீட்டிங்குக்குக் கூப்பிடறா. ரெண்டே நிமிஷம்மா, அப்படியே பிடிச்சுண்டு இரு.” திரை கறுத்துப்போகிறது. கீழே மாடவீதியில் ஏதோ ஒரு கார் பாட்டுப் பாடிக்கொண்டே ரிவர்ஸில் வருகிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓய்கிறது. மேற்கு ஜன்னல் வெயில் இலைகளின்மேல் மெல்ல ஏறி, அவள் மணிக்கட்டைத் தொட்டு, அணைந்துபோகிறது. தோள் கடுக்கிறது. வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து கிடக்கின்றன. மேல் ஓரம் எப்போதோ நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. இனி யாரும் தாங்க வேண்டியதில்லை என்று அவள் விரல்களுக்கே தெரிகிறது. ஆனாலும் எடுக்கவில்லை. ஸஹானா திரும்பக் கூப்பிடும்போது கை, அவள் வைக்கச் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும்.