ரப்பர் சுற்றிய தாழ்ப்பாள்

நான்கு மணிக்கு ஊசி. இப்போது மூன்றே முக்கால்.

பெருசு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நாய்க் காப்பகத்தின் ஏழாம் நம்பர் கூண்டுத் தாழ்ப்பாளை நகர்த்தினார். அதில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. சத்தம் வரவில்லை.

டியூபைச் சுற்றியது அவர்தான், இங்கே வந்த இரண்டாம் நாள். அன்றைக்குக் கூண்டுக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“என்ன பெருசு, தாழ்ப்பாளுக்குக் கட்டுப் போட்டிருக்கே? எங்க விழுந்துச்சாம்?”

“மிச்சம் ஒரு துண்டு இருக்கு. உன் வாய்க்கு வேணுமா?”

நாயின் சாப்பாட்டுத் தட்டையும் அவர்தான் மாற்றினார். எவர்சில்வர் போய் பிளாஸ்டிக் டப்பா வந்தது. இங்கே கொடுத்த இரும்பு வளையம் வைத்த கழுத்துப்பட்டையை வீசிவிட்டு, பழைய போர்வையைக் கிழித்து மூன்று புரியாகப் பின்னி ஒரு பட்டை கொண்டுவந்தார்.

அன்பு, நம்பிக்கை என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் காது கூசும். சொந்த நிழலையே திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவர் பதினெட்டு நாளாக அந்தக் கூண்டுக்குள், நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

அதுவும் கடிக்கிற நாய்க்கு.

வாசலுக்கு வந்த ஆளின் கையைக் குதறி, பதினாறு தையல் போட வைத்த நாய். வளர்த்தவர்களே வேண்டாமென்று தள்ளிவிட்டுப் போன நாய். மூன்று மாதமாக யாரையும் அண்டவிடவில்லை. இன்று டாக்டரம்மாவின் கண் முன்னால் பட்டை கழுத்தில் ஏற வேண்டும், முற்றத்தில் ஒரு சுற்று நடக்க வேண்டும். நடந்தால் பெருசோடு வீட்டுக்கு. இல்லாவிட்டால் உயிரை எடுக்கிற ஊசி.

முதல் நாள் நடந்ததைக் கூண்டுக்காரன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான். எல்லாரையும் பார்த்துக் கம்பியைக் கடித்த நாய், பெருசைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. பின்சுவரோடு ஒட்டி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது.

“உன் மூஞ்சி அதுக்கு ஆகலை பெருசு. வேற நாயைப் பாரு.”

வேறு நாயைப் பார்க்க அவர் வரவில்லை.

இப்போது டாக்டரம்மா கூண்டுக்கு வெளியே வந்து நின்றார். அவருக்குப் பின்னால் கூண்டுக்காரன், கையில் ஊசித் தட்டு.

பெருசு திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

நகம் தரையில் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

பிடரியில் சூடாக மூச்சு பட்டது. அது தோளுக்கு இறங்கியது. வலது கையில் வந்து நின்றது. இந்த வெயிலிலும் அவர் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டைதான். அந்தச் சட்டைக்கை மேல் நாய் வெகுநேரம் மோந்தது. அவர் கையை இழுக்கவில்லை.

பட்டையை மெல்லத் தலைவழியாக இறக்கினார். நாய் விட்டுக்கொடுத்தது.

அந்த நேரம் பார்த்துக் கூண்டுக்காரன் தட்டைக் கீழே போட்டான்.

சிமெண்டுத் தரையில் எவர்சில்வர். ணங்கென்று விழுந்து, சுழன்று சுழன்று அடங்குவதற்குள் ஒரு யுகம்.

நாய் எகிறியது. பல் தெரிந்தது. பெருசின் கழுத்துக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

போச்சு என்று நினைத்தார். ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. கடித்தால் கடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

நாய் முகத்தைக் கொண்டுபோய் அவர் அக்குளுக்குள் புதைத்துக்கொண்டது.

உடம்பு முழுக்க என்ஜின் மாதிரி உதறியது. அவர் உள்ளங்கையை அதன் முதுகில் வைத்தார். உதறல் நிற்கும்வரை எடுக்கவில்லை. பிறகு இரண்டு பேரும் எழுந்து முற்றத்தை ஒரு சுற்று நடந்தார்கள். கூண்டுக்காரன் ஒதுங்கி வழிவிட்டான்.

டாக்டரம்மா மேசையில் நாயை வீட்டுக்கு அனுப்பும் படிவத்தை விரித்தார்.

“மூணு மாசமா நாங்க தலையைப் பிச்சுக்கிட்டோம். இரும்புச் சத்தம்தான் இதுக்குப் பயம்னு உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?” என்று கேட்டுக்கொண்டே எழுதினார். “இந்த நாயை முன்னாடியே தெரியுமான்னு ஒரு கேள்வி இருக்கு. இல்லைன்னு போட்டுடறேன்.”

தலையை ஆட்டினால் போதும். காகிதத்தில் உண்மையைச் சொல்லி உருப்பட்டவனை அவர் இதுவரை பார்த்ததில்லை. சொன்னால் நாயைத் திரும்பக் கூண்டில் அடைத்தாலும் அடைப்பார்கள்.

“தெரியும்னு போடுங்க.”

பேனா நின்றது.

“அந்த வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் கொண்டு போனது நான்தான். மாடிப்படிக்குக் கீழ சங்கிலியில கட்டிப் போட்டிருப்பாங்க. மாசா மாசம் சிலிண்டரை அதோட காதுகிட்ட ணங்குனு போடுவேன். எகிறிக் குதிக்கும். நின்னு சிரிச்சிட்டு வருவேன். நாலு வருஷம்.”

வலது கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கைவரை சுருட்டினார். பதினாறு தையல்.

“கடைசியில ஒருநாள் சங்கிலி அறுந்துச்சு. புகார் எழுதிக் குடுத்ததும் நான்தான்.”

டாக்டரம்மா தழும்பைப் பார்த்தார். பெருசின் முழங்காலில் சாய்ந்து நின்ற நாயைப் பார்த்தார்.

மேசை அதிர ஓங்கிக் குத்துவதுதான் டாக்டரம்மா முத்திரை வைக்கிற வழக்கம். இன்று அதைக் காகிதத்தில் வைத்து, மெல்ல அழுத்தி எடுத்தார்.

சத்தம் வரவில்லை.