போர்த்தி வைத்த வண்டி

கழுத்துவரை இழுத்து மூடி, கால்பக்கம் காற்றுப் புகாமல் மடித்துச் செருகினார் ஃபிக்ரி. "இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கோம்மா. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

மனைவி இன்ஸாஃபுக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் இவ்வளவு குழைந்ததில்லை. போர்வைக்குள் இருந்தது எழுபத்தெட்டாம் வருடத்து ஃபியட்.

பாலைவன மணலை வாரிக்கொண்டு வரும் கமாசீன் காற்று மத்தியானத்துக்குள் கெய்ரோவுக்கு வந்துவிடும் என்று காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார்கள். வானம் இப்போதே பருப்புக் கடைசல் நிறத்துக்கு வந்திருந்தது. நாற்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்திய ஃபிக்ரிக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஷுப்ரா பேட்டையின் அந்தச் சந்தில் வண்டி நிறுத்தக் கொட்டகை கிடையாது. அதனால் கூடாரம் தைப்பவரிடம் போய் அளவு கொடுத்துத் தைத்த உறை இது. வெளியே கித்தான், உள்ளே ஃபிளானல். ஃபிளானல், இன்ஸாஃபின் குளிர்கால அங்கிக்காக வாங்கியது.

உறையின் மேலிருந்த பூனை முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தார். குளிர்காலம் முழுக்க, அவர் பகல் தூக்கம் முடிந்து ஐந்து மணிக்கு இறங்கி வரும்போதெல்லாம் சந்தின் செவலைப் பூனை இந்த வண்டியின் முன்பக்கத்தில்தான் சுருண்டு கிடக்கும். வரிசையாகப் பத்து வண்டி நின்றாலும் அதற்கு இதுதான் வேண்டும். 'தரமான துணி. பூனைக்கே தெரிகிறது' என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

"உஸ்தாத்!" இரண்டாம் மாடி சாமெஹ் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். "ஷைமாவுக்கு வலி வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் பாலத்துல மாட்டிக்கிச்சாம். டாக்சி ஒண்ணுகூட வரமாட்டேங்குது."

"உன் வண்டி என்னாச்சு?"

"அது ஆறு மாசமாப் படுத்தே கிடக்கு, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் வாயால வரட்டும்னுதான் கேட்டேன்." ஃபிக்ரி நிமிர்ந்தார். "வெயில்லயும் மண்ணுலயும் அம்மணமா நிறுத்தினா அப்படித்தான். என் வண்டியைப் பாரு. ரோட்டுக்குப் போய் நாலு வருஷமாச்சு. வாரத்துல வெள்ளிக்கிழமை ஒருநாள் சாவி போடுறேன், முதல் திருப்புலயே கிளம்புது. அதுக்குப் பேருதான் பராமரிப்பு."

சாமெஹ் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பால்கனியைப் பார்த்தான். "சரி உஸ்தாத், அந்தச் சாவியை மட்டும் குடுங்க."

"இந்தக் காத்துலயா? பெயிண்ட் என்னத்துக்காகும்?"

சொன்ன பிறகு அவருக்கே நாக்கு கூசியது. பெயிண்ட் இல்லை, வேறு ஒன்று. நாலு வருடத்துக்கு முன், நைல் பாலத்தின் நடுவில், ஒரு மினி பஸ் உரசிக்கொண்டு போனதும் அவர் கால் பிரேக்கிலேயே உறைந்துவிட்டது. பின்னால் நூறு ஹாரன். யாரோ ஒருவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "தாத்தா, நீங்க தள்ளிக்குங்க, நான் ஓரமா விட்டுத் தரேன்" என்றான். மறுநாளே கூடாரக்காரரிடம் போனார். அந்த 'தாத்தா'வை அவர் இன்ஸாஃபிடம்கூடச் சொன்னதில்லை.

மாடிப்படியில் முனகல் கேட்டது. சாமெஹின் மனைவி ஷைமா நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அவளைத் தாங்கிக்கொண்டு, தோளில் பையோடு, இன்ஸாஃப்.

"நாதிரோட அப்பா," என்று மகன் பேரைச் சொல்லிக் கணவரைக் கூப்பிட்டாள், "உறையை எடுங்க."

"இல்ல, காத்து..."

"புள்ளை காத்து பாத்துக்கிட்டா வரும்? எடுங்க!"

ஃபிக்ரி முடிச்சுகளை அவிழ்த்தார். காற்று உறையைப் பிடுங்கிச் சந்தின் கோடிவரை உருட்டிக்கொண்டு போயிற்று. அதைத் துரத்திக்கொண்டு ஓடவேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. நல்ல சாக்கு. ஆனால் ஷைமாவின் நெற்றியில் வேர்வையோடு மண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது. ஒரு தடவை. இரண்டு தடவை.

"கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு," என்றார்.

இன்ஸாஃப் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாவியை அவர் விரல்களிலிருந்து மெதுவாக உருவி எடுத்துக்கொண்டாள். "தள்ளிக்குங்க."

அதே வார்த்தை. ஃபிக்ரிக்குச் சுருக்கென்றது. பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொண்டே அந்த வலியை ஒரு சிரிப்பாக மாற்றினார். "நீயா? டேய் சாமெஹ், பாத்தியாடா கூத்தை! இன்ஸாஃப், இதுல ரிவர்ஸ் எந்தப் பக்கம்னாவது தெரியுமா உனக்கு?"

சாமெஹ் சிரிக்கவில்லை. குனிந்து செருப்பைச் சரியாக மாற்றிப் போட்டுக்கொண்டான்.

வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

பின் கதவு இறுகிப்போன கதவு. கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுத்தால்தான் திறக்கும். ஷைமா யாரும் சொல்லாமலே தூக்கிப் பிடித்து இழுத்தாள், ஏறிச் சாய்ந்துகொண்டாள், பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"அத்தை, போன செவ்வாய்க்கிழமை போன வழி வேண்டாம். அங்க பள்ளம் ஜாஸ்தி!"