பத்தைக் கழித்து

ரெம்யா காட்டு மரங்களின் வளர்ச்சியை ஆராய்பவள். நாலு வருடமாக அவள் மரங்களைச் சுற்றி அளக்கையில் டேப்பின் நுனியைப் பிடித்தவர் வனத்துறை வாட்சர் நேசையன். நுனி கிழிந்திருந்ததால் பத்தாம் சென்டிமீட்டரில்தான் பிடிப்பார். "பத்தக் கழிச்சிட்டு எழுது மக்ளே" என்பார். போன மழைக்காலத்தில் அவரை யானை மிதித்துக் கொன்றது.

இந்த வருடம் புது டேப்பின் நுனியை மரத்தில் அடித்திருந்த ஆணியில் மாட்டி, அவள் தனியாகவே அளந்தாள்.

திருவனந்தபுரத்தில் அவளுடைய பேராசிரியர் அளவுகள் எழுதிய தாளைப் பார்த்தார். "எல்லா மரமும் எப்பவும் வளர்றதவிட சரியா பத்து சென்டிமீட்டர் கூடியிருக்கே. இது தீசிஸ்ல நிக்காது. இன்னொரு தடவ அளந்துட்டு வா."

மறுபடி காட்டுக்குப் போனாள். நுனியை மாட்டிவிட்டு, பெரிய மரம் ஒன்றைச் சுற்றி வந்தாள். ஆணி வெறுமையாக இருந்தது. ஆனால் டேப் தொய்யவில்லை, விறைப்பாகவே நின்றது.

ரெம்யா பத்தைக் கழித்து எழுதினாள்.