ஒளிந்துகொள்ள ஓர் ஆள்

கணக்கு அதிகாரி பயிற்சி மைதானத்தின் ஓரத்திலிருந்த சாமான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பழைய வாளி ஒன்றைக் கவிழ்த்து, தூசியைத் தட்டிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.

இத்தனை வருட உத்தியோகத்தில் அவளை யாரும் ஒளிந்துகொள்ளச் சொன்னதில்லை. அவளைக் கண்டுதான் மற்றவர்கள் ஒளிந்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். எந்தச் செலவைக் கண்டாலும் வெட்டிவிடுவாள். காவல்துறையின் நாய்ப் பிரிவை வைத்திருக்கலாமா, இழுத்து மூடிவிடலாமா என்று பார்க்கத்தான் இன்று வந்திருந்தாள். மூலைக்கு மூலை கேமரா இருக்கும்போது நாய் எதற்கு என்பது அவள் கட்சி.

ஒரே ஒரு சோதனை வைத்தாள். நாய்க்கு முன்பின் தெரியாத ஒருவர் ஒளிந்துகொள்ள வேண்டும். மதியச் சங்கு ஊதுவதற்குள் நாய் கண்டுபிடித்துவிட்டால் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் நாய்களை யாருக்காவது கொடுத்துவிட்டு, ஆட்களைப் போக்குவரத்துக்கு அனுப்பிவிடலாம்.

சிக்கல் அங்கேதான் வந்தது. இங்கே இருக்கிற எல்லோரையும் நாய்க்குத் தெரியும். ஒளிந்துகொள்வதற்கென்றே வெளியாட்களைக் கூலி கொடுத்துக் கூப்பிடுவது வழக்கமாக இருந்தது. போன வருடம் அந்தச் செலவை வெட்டியது யார்? சாட்சாத் இவளேதான்.

"தெரியாத ஆளுன்னா இங்க நீங்க ஒருத்தர்தான் மேடம் இருக்கீங்க," என்றார் நாயைப் பழக்கும் காவலர், முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு.

மோப்பத்துக்குக் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

நாயின் பெயர் மாப்பிள்ளை. நாலு தடவை உபசரித்தால்தான் சாப்பாட்டுத் தட்டுப் பக்கமே திரும்பும் என்பதால் வைத்த பெயராம்.

அறையில் டயர் வாசனை. விரிசல் விட்ட தலைக்கவசங்கள், கயிற்றுச் சுருள், ஒரு கால் போன நாற்காலி. செல்போனை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். முதலில் கொஞ்சம் பதறினாள். அப்புறம் பார்த்தால், சுகமாக இருந்தது.

வீட்டில் ஒரு நாள்கூட இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்ததில்லை. சாவி எங்கே என்று கணவர், சாக்ஸ் எங்கே என்று மகள், மூக்குக் கண்ணாடி எங்கே என்று, அதை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே, மாமனார். எல்லாவற்றையும் தேடிக் கொடுப்பது அவள் வேலை. இன்று அவளைத் தேடுவது வேறொருவர் வேலை. நினைக்கவே சிரிப்பு வந்தது. காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் போன பிறகுதான் இருட்டு உறைத்தது.

மாப்பிள்ளை பெரும்பாலும் தேடிப் போவது தொலைந்துபோன பிள்ளைகளைத்தான் என்று கோப்பில் படித்திருந்தாள். படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தாள். இப்போது அவளும் அப்படித்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாராவது வந்தால் தேவலை என்று இருந்தது.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். குரைப்புச் சத்தம் ஒன்றுகூட இல்லை.

சங்கு ஊதிவிட்டால்? அவள் வைத்த சோதனை, அவள் போட்ட கெடு. பேச்சை மாற்றவும் முடியாது. நாளைக்கு ஒரு பிள்ளை இப்படி எங்கேயாவது உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால், தேடிப் போக யார் இருப்பார்கள்? இந்த நாய் தோற்றுவிடக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

வேண்டியதோடு நிற்கவில்லை. கதவிடுக்கில் வாயை வைத்து, "வா ராஜா, இங்கதான் இருக்கேன், சீக்கிரம் வாடா," என்று கிசுகிசுத்தாள்.

உத்தியோகத்தில் அவள் செய்த முதல் தில்லுமுல்லு அது. அதுவும் போதாதென்று, வாசம் கொஞ்சம் வெளியே போகட்டும் என்று தாழ்ப்பாளை மெல்ல நீக்கிக் கதவைத் தள்ளினாள்.

கதவு ஒரு விரல் அகலத்துக்கு மேல் நகரவில்லை. மெத்தென்று எதன் மேலோ இடித்தது. அது எழுந்து வழிவிட்டு, மறுபடியும் படுத்துக்கொண்டது.

மாப்பிள்ளைதான். முன்னங்கால்களின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு, வாசற்படியை ஒட்டிப் படுத்திருந்தார். அவளை ஏறிட்டுப் பார்த்து, வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். சற்றுத் தள்ளிக் காவலர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. உட்கார்ந்து வெகு நேரமாயிற்று என்று பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க தாழ்ப்பாள் போட்ட கொஞ்ச நேரத்துலயே வந்துட்டாரு மேடம். குரைக்க மாட்டாரு, பிள்ளைங்க பயந்துடுவாங்கன்னு அப்படித்தான் பழக்கியிருக்கு. அவங்களா கதவைத் திறக்கிற வரைக்கும் பக்கத்துலயே படுத்திருப்பாரு. நாங்களும் சத்தம் காட்ட மாட்டோம்."

அப்படியென்றால் அவள் கிசுகிசுத்தது? காவலர் அவசரமாக வானத்தைப் பார்த்தார். கேட்டிருக்கிறது.

அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. தன்னந்தனியாகக் கிடந்து தவித்ததாக நினைத்த அத்தனை நேரமும், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் துணை இருந்திருக்கிறது.

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை நகர்ந்து வந்து, தலையை அவள் பாதத்தின் மேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் தூரத்தில் சங்கு ஊதியது.

"அந்த ஃபைலை இங்கயே எடுத்துட்டு வாங்க," என்றாள் காவலரிடம். "இப்ப என்னால எழுந்திரிக்க முடியாது."