பத்துக்கு முன்னாடி

ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டரையெல்லாம் இணைக்கிற ஸ்விட்ச் ஒண்ணு. தகவலைச் சுமந்துட்டு வர்ற பாக்கெட்டுங்களைப் பாத்து உள்ள விட, அதோட வாசல்ல ரெண்டு விதிங்க காவல் நின்னுச்சு. பத்தாம் நம்பர் விதி 'எல்லாரும் வரலாம்'. இருபதாம் நம்பர் விதி 'திருட்டுப் பாக்கெட் வரக்கூடாது'. சின்ன நம்பருக்குத்தான் முன் வரிசை, அதனால வர்றவங்களை முதல்ல பத்துதான் பாக்கும். அது தலையாட்டிட்டா பேச்சு முடிஞ்சுது.

அன்னிக்குத் திருட்டுப் பாக்கெட் உள்ள போய் இடம் பாத்துட்டு வந்துச்சு. "நாளைக்குக் கேள்வித்தாளை மொத்தமா அள்ளிக்கிறேன்"னுச்சு.

"போயிட்டு வாங்க"ன்னுச்சு பத்து.

இருபதுக்கு ரத்தம் கொதிச்சுது. "யோவ், அது திருட்டுப் பயய்யா!"

"தம்பி, மூஞ்சியைப் பாத்து விரட்டுறது நம்ம குணம் இல்ல. பேசாம வரிசையில நில்லு."

"வரிசையா? சரி, வரிசைப்படியே பேசுவோம். ஸ்விட்சண்ணே, பத்துக்கு முன்னாடி ஒண்ணுலேருந்து ஒம்பது வரைக்கும் நம்பரெல்லாம் சும்மா கெடக்கு. எனக்கு அஞ்சைக் குடுங்க!"

ஸ்விட்ச் எண்ணிப் பாத்துச்சு. வாஸ்தவம்தான். உடனே குடுத்துடுச்சு. இருபது அஞ்சாகி, பத்துக்கு முன்னாடி வந்து நின்னுச்சு.

மறுநாள் திருட்டுப் பாக்கெட் சாக்கோட வந்துச்சு. "பத்தண்ணே, சௌக்கியமா?"

"அண்ணன் பின்னாடி நிக்கிறாரு. நீ கெளம்பு!"ன்னு அஞ்சு போட்ட அதட்டல்ல அது சாக்கைப் போட்டுட்டு ஓடிருச்சு.

"நான் விட்டிருப்பேனே..."ன்னு இழுத்துச்சு பத்து.

"உன்னை யாரு கேட்டா?"ன்னுச்சு அஞ்சு.